பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாச்சு, இனி எப்படித் தாக்குப்பிடிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் நர்சிங் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களும், இரண்டாம் வருடத்தில் மூச்சு முட்டி நிற்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. முதலில் வார்டிலும் பிறகு வகுப்பிலும் வேலை பார்த்தவள் என்ற முறையில், எனக்குச் சரி என்று பட்டதைச் சொல்கிறேன். ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) படிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா?

கஷ்டம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. பாடம் புரியாமல் தோற்றவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிளஸ் டூ பயாலஜியை ஓரளவு ஒழுங்காகப் படித்த யாருக்கும் இது புரியும். ஆளைச் சாய்ப்பது வேலை தேங்குவதுதான். காலையில் போஸ்டிங் (ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி), மதியம் வகுப்பு, ராத்திரி ரெக்கார்ட் (செய்ததை எழுதும் நோட்டு), நடுவில் ஒரு இன்டர்னல் தேர்வு, அதற்குள் யாருக்காவது ஹெல்த் டாக் சார்ட் போட வேண்டும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும், அப்புறம் அது குறையவே குறையாது.

முன்பு வருடத்துக்கு ஒரு பெரிய பரீட்சை. கடைசி இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறியவர்கள் உண்டு. 2021-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் நான்கு வருடமும் எட்டு செமஸ்டராகிவிட்டது. முதல் செமஸ்டரிலேயே அனாடமி, பிசியாலஜி, சோஷியாலஜி, சைக்காலஜி, ஆங்கிலம், நர்சிங் ஃபவுண்டேஷன் என்று எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். உங்கள் சீனியர் அக்கா "கடைசியில் படிச்சுக்கலாம்" என்று சொன்னால் அவர் எந்த வருடம் படித்தவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய வேலையை அன்றைக்கே முடிப்பதுதான் ஒரே வழி. கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் அதை எப்படிச் செய்வது என்பதுதான்.

இன்னும் சேரவில்லை. கல்லூரியை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில் என்று கேளுங்கள். சொந்த ஆஸ்பத்திரியா, இல்லை ஜி.எச்.சுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறார்களா, வார்டில் நிஜமாகவே நோயாளிகள் இருக்கிறார்களா, பிரசவ வார்டு, மனநல வார்டு போஸ்டிங் எங்கே, அதுதான் முக்கியம். காலியான படுக்கைகளுக்கு நடுவில் நான்கு வருடம் நின்றால் ஒன்றும் வராது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பார்ப்பது அடிப்படை. ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து வேறு மாநிலத்தில் "வகுப்புக்கு வராமலே டிகிரி" என்று பேசினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது, வகுப்பில் ஒன்றுமே ஓடவில்லை.

முதல் மூன்று மாதம் அப்படித்தான் இருக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பெண்ணுக்கும் 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' (கழுத்துத் தசை ஒன்றின் பெயர்) புதுசுதான், அவள் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பாள், அவ்வளவே. மருத்துவச் சொற்கள் துண்டு துண்டாகச் சேர்ந்தவை. 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி எடுப்பது, 'ஆஸ்டமி' என்றால் வெளியே வழி திறந்து விடுவது, 'இமியா' என்றால் ரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்று. இப்படி ஒரு ஐம்பது அறுபது துண்டு கைக்கு வந்துவிட்டால் புதுச் சொல்லைப் பார்த்ததும் பாதி அர்த்தம் தானாக வரும்.

கேஸ் ஷீட்டில் இருக்கும் சுருக்கங்களை முதல் வாரத்திலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, எச்.எஸ். படுக்கும்போது, எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால், ஸ்டாட் என்றால் உடனே, என்.பி.ஓ. என்றால் வாய்வழி எதுவும் கூடாது. பரீட்சையில் அழகான ஆங்கிலம் யாரும் கேட்பதில்லை. தலைப்பு, பாயின்ட், படம், இவை சரியாக இருந்தால் இலக்கணப் பிழையை மன்னித்துவிடுவார்கள்.

இன்னொன்று, உங்களிடம் இருக்கிற பலம் உங்களுக்கே தெரியவில்லை. ஜி.எச். வார்டில் பாட்டி "கைகால் மதமதன்னு இருக்கு, நடந்தா மேல்மூச்சு வாங்குது, ராத்திரி நெஞ்சு படபடங்குது" என்று சொல்வதை நீங்கள் சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள். சென்னையில் கான்வென்ட்டில் படித்த பிள்ளைகள் அங்கேதான் திணறுவார்கள். ஹிஸ்டரி எடுப்பதில், அதாவது நோயாளியிடம் பேசி நோய் விவரம் கேட்டறிவதில், நீங்கள் முந்தலாம், நர்சிங்கில் பாதி வேலை ஹிஸ்டரிதான்.

அனாடமி, பிசியாலஜி படித்தால் மறுநாளே மறந்துபோகிறது.

படிக்கிறீர்கள், ஆனால் திருப்பிச் சொல்லிப் பார்ப்பதில்லை. புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் இதயத்தை வரைந்து, ரத்தம் எங்கே நுழைந்து எங்கே போகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தடுமாறும் இடம்தான் உங்களுக்குத் தெரியாத இடம், அதை மட்டும் மறுபடி படியுங்கள். மஞ்சள் மார்க்கரால் பக்கம் முழுக்கப் பூசுவதால் பக்கம்தான் மஞ்சளாகிறது. ஹாஸ்டலில் ஒரு ஆள் கிடைத்தால் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மூன்று பேருக்கு மேல் சேர்ந்தால் அது அரட்டையாகிவிடும், எனக்குத் தெரிந்து விதிவிலக்கே இல்லை.

போஸ்டிங் முடிந்து வந்தால் கால் வலி, தூக்கம். எப்போது படிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்லப்போகிறேன், ஏனென்றால் இதைப் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் தப்பித்துவிடுகிறார்கள். போஸ்டிங்கையும் படிப்பையும் தனித்தனியாக வைத்தால் நேரம் போதவே போதாது. அன்று உங்களுக்குக் கொடுத்த நோயாளியையே அன்றைய பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக, சர்ஜிக்கல் வார்டில் அறுபது வயது ஐயா ஒருவர், காலில் சர்க்கரைப் புண். உங்களுக்கு அவர் வெறும் டிரெஸ்ஸிங் கேஸ் அல்ல. முள் குத்தியது அவருக்கு ஏன் தெரியவில்லை? நரம்பு மரத்துப்போயிருக்கிறது, அது பிசியாலஜி. புண் ஏன் ஆறவில்லை? ரத்த ஓட்டம் குறைவு, சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்யாது, அது பேத்தாலஜி. புண்ணில் ஸ்வாப் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்களே, என்ன கிருமி வந்தது, எந்த ஆன்டிபயாடிக் மாற்றினார்கள், அது மைக்ரோபயாலஜி. மாத்திரையை நிறுத்தி இன்சுலின் ஏன் போட்டார்கள், அது பார்மகாலஜி. ஆஸ்பத்திரிக் கஞ்சியோடு வீட்டிலிருந்து வரும் இட்லி எத்தனை, அது நியூட்ரிஷன். வீட்டுக்குப் போனால் யார் டிரெஸ்ஸிங் செய்வார்கள், எம்.சி.ஆர். செருப்பு (சர்க்கரை நோயாளிகளுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) வாங்கச் சொல்லியிருக்கிறார்களா, தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தீர்களா, அது கம்யூனிட்டி ஹெல்த். ஒரே ஆள், ஐந்தாறு பாடம். ராத்திரி ஒரு மணி நேரம் அவரைப் பற்றி மட்டும் படித்தால் போதும். மறுநாள் காலையில் மிஸ் பெட் சைடில் நிறுத்திக் கேட்கும்போது பதில் வரும், அதைவிட முக்கியமாக, மூன்று வருடம் கழித்துப் பரீட்சையில் 'டயாபெடிக் ஃபுட்' என்று வந்தால் அந்த ஐயாவின் முகம் நினைவுக்கு வரும், பாயின்ட் தானாகக் கொட்டும்.

வந்ததும் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்து படிப்பது பெரும்பாலானவர்களுக்குச் சரிவரும். ராத்திரி இரண்டு மணி வரை விழித்துவிட்டு ஆறரைக்குப் பஸ் பிடித்தால் வார்டில் மருந்தைத் தப்பாகப் படிப்பீர்கள். அது வெறும் மதிப்பெண் விஷயம் இல்லை.

ரெக்கார்டும் கேர் பிளானும் எழுதி எழுதிக் கை ஒடிகிறது. இதனால் என்ன பயன்?

ரெக்கார்டுகளில் பாதி வெறும் பாரம் என்றுதான் நானும் நினைக்கிறேன். சீனியருடையதைப் பார்த்து அப்படியே காப்பியடிப்பதற்கு அழகான கையெழுத்து, கலர் பேனா, பார்டர் எதற்கு என்று யாராவது கேட்க வேண்டும். ஆனால் கேர் பிளான் அப்படியல்ல. நோயாளியின் பிரச்சினை என்ன, அது எதனால், அதற்கு என்ன அறிகுறி கண்ணால் பார்த்தேன், நான் என்ன செய்தேன், செய்ததால் என்ன மாறியது, இந்த ஓட்டம் மூளைக்குள் பதிந்துவிட்டால் வேலையில் அது எழுதாமலே ஓடும்.

காப்பி கேர் பிளானை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். காய்ச்சலே இல்லாத நோயாளிக்கு "டெப்பிட் ஸ்பாஞ்ச் கொடுக்கப்பட்டது" (காய்ச்சல் குறைய வெதுவெதுப்பான நீரில் உடம்பைத் துடைப்பது) என்று இருக்கும். வார்டில் இருக்கும்போதே சட்டைப்பை நோட்டில் உண்மையான எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள், பி.பி., பல்ஸ், உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர், லேப் ரிசல்ட். அவை கையில் இருந்தால் அன்று மாலையே முக்கால் மணி நேரத்தில் எழுதி முடிக்கலாம். பத்து நாள் கழித்து உட்கார்ந்தால் கற்பனைக் கதைதான் எழுத வேண்டும், அதற்கு மூன்று மடங்கு நேரம். லாக் புக்கில் (செய்த வேலைகளைக் குறிக்கும் பதிவேடு) கையெழுத்தையும் அன்றன்றே வாங்கிவிடுங்கள், செமஸ்டர் கடைசியில் அந்த சிஸ்டர் டிரான்ஸ்ஃபரில் போயிருப்பார்.

முதல் நாள் வார்டு. ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது, நான் இதற்கு லாயக்கில்லையோ?

நிறைய பேர் விழுவார்கள், பெரிய ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் ஆனவர்களும் முதல் மாதம் சுவரைப் பிடித்து நின்றவர்கள்தான். முக்கால்வாசி நேரம் காரணம் சாப்பிடாமல் வந்தது. ஹாஸ்டல் உப்புமா பிடிக்கவில்லை என்றாலும் இரண்டு வாழைப்பழமாவது தின்றுவிட்டு வாருங்கள். முழங்காலை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நிற்காதீர்கள், கால் விரல்களை அசைத்துக்கொண்டே இருங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் தரையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். ஸ்டெரைல் டிராலி மேல் விழுவதைவிட அது நல்லது. சில வாரங்களில் பழகிவிடும்.

முதல் நாள் என்ன செய்வது என்று தெரியாவிட்டால் வைட்டல்ஸ் (காய்ச்சல், பல்ஸ், மூச்சு, பி.பி.) பாருங்கள். மூச்சு எண்ணும்போது "மூச்சு எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார், அதனால் பல்ஸ் பிடித்த கையை எடுக்காமல் அப்படியே நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். பெட் மேக்கிங் செய்யுங்கள். நோயாளியிடம் பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டு பேசுங்கள். அவரோடு பேச அந்த வார்டில் பெரும்பாலும் வேறு யாருக்கும் நேரம் இருக்காது.

வார்டு சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார். அழுகை வருகிறது.

முதலில் எதற்குத் திட்டினார் என்று பாருங்கள். கை கழுவாமல் அடுத்த நோயாளியைத் தொட்டதற்கோ, சொல்லாமல் டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டியதற்கோ திட்டியிருந்தால் அதை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஒரு ஆளாக ஐம்பது படுக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் இன்சார்ஜுக்கு இருபது மாணவிகள் வந்து நிற்பது உதவியாக இருப்பதைவிடத் தொந்தரவாகத்தான் இருக்கும். காலையில் போனதும் "சிஸ்டர், நாங்க இன்னைக்கு என்னென்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு, சொன்னதைச் செய்து, செய்ததைத் திரும்பி வந்து சொல்லிப் பாருங்கள். இரண்டாவது வாரம் அவரே கூப்பிட்டு ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய்) போடும்போது காட்டுவார். ஐ.வி. போட, கதீட்டர் போட வாய்ப்பு கிடைப்பதெல்லாம் இப்படித்தான்.

ஆனால் சாதியை, நிறத்தை, குடும்பத்தை, உடம்பை இழுத்துப் பேசுவது கண்டிப்பு அல்ல. யார் பேசினாலும், சிஸ்டர், டாக்டர், சீனியர், ஆசிரியர் யாராக இருந்தாலும், தேதியும் பேசிய சொற்களும் எழுதிவைத்து கிளாஸ் கோ-ஆர்டினேட்டரிடமும் பிரின்சிபாலிடமும் எழுத்தில் கொடுங்கள். ராகிங் தமிழ்நாட்டில் 1997 முதலே சட்டப்படி குற்றம். நோயாளியோ அட்டெண்டரோ தப்பாகக் கை வைத்தால் அந்த நொடியே சத்தம் போடுங்கள், "நோயாளிதானே" என்று பொறுக்க வேண்டிய அவசியம் கிடையாது.

பார்மகாலஜி கடல் மாதிரி இருக்கிறது.

தனித்தனி மருந்தாகப் படிக்காதீர்கள், குடும்பமாகப் படியுங்கள். 'ஒலால்' என்று முடிந்தால் பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பையும் பி.பி.யையும் குறைக்கும் மருந்து), கொடுக்கும் முன் பல்ஸும் பி.பி.யும் பார்க்க வேண்டும். 'பிரில்' என்றால் ஏ.சி.இ. இன்ஹிபிட்டர் (இதுவும் பி.பி. மருந்து), வறட்டு இருமல் வரலாம், பொட்டாசியம் ஏறலாம். 'சார்டன்', 'ஸ்டாட்டின்', 'பிரசோல்' எல்லாம் இப்படியே. ஒரு குடும்பத்துக்கு எதற்குக் கொடுக்கிறோம், கொடுக்கும் முன் என்ன பார்க்கணும், கொடுத்த பின் எதைக் கவனிக்கணும், நோயாளியிடம் என்ன சொல்லணும், இந்த நான்கும் போதும். மூலக்கூறு படம் வரையச் சொல்லி நர்ஸை யாரும் கேட்கப்போவதில்லை.

கணக்கில் பயம் வேண்டாம், அது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. 500 மி.லி. சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப்ஸ் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு வரும். அதே பாட்டில், 15 சொட்டு செட் என்றால் 31 தான். ஆகவே செட் கவரில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள். மைக்ரோ டிரிப் செட் என்றால் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு.

சில விஷயங்களை மட்டும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். நம் ஊரில் இன்சுலின் வயால் பெரும்பாலும் மி.லி.க்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 யூனிட் இன்சுலினுக்கு ஆரஞ்சு மூடி. இரண்டும் மாறினால் இரண்டரை மடங்கு டோஸ் மாறிப்போகும். பொட்டாசியம் குளோரைடை எந்தக் காரணத்துக்காகவும் நேராக ரத்தக்குழாயில் தள்ளக் கூடாது, இதயம் நின்றுவிடும், கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். டிகாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும் முன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து முழுசாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழ் இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். "இது கூடத் தெரியாதா" என்று கேட்பவர் கேட்டுவிட்டுப் போகட்டும்.

கையில் ஊசி குத்திவிட்டால்?

பிதுக்காதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ஸ்பிரிட் ஊற்றித் தேய்க்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, மொத்தம் 28 நாள் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று மறைத்து ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து அழும் பிள்ளைகள் இந்த மணி நேரங்களைத்தான் வீணாக்குகிறார்கள்.

முதல் வருடத்திலேயே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும், 0, 1, 6 மாதம் என்ற கணக்கில், போட்டு முடித்துவிடுங்கள், முடிந்தால் பிறகு டைட்டர் (எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். போட்ட ஊசிக்கு மூடி திரும்பப் போடாதீர்கள், ஊசிகளுக்கென்று இருக்கும் வெள்ளை டப்பாவில் நேராகப் போடுங்கள்.

நான் பையன். இந்தப் படிப்பில் எனக்கு இடம் இருக்கிறதா?

இருக்கிறது. வார்டில் 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள், கேஷுவாலிட்டியிலும் ஐ.சி.யூ.விலும் மனநல வார்டிலும் விரும்பிக் கேட்பார்கள். பிரசவ வார்டு போஸ்டிங் உங்களுக்கும் பாடத்திட்டத்தில் உண்டு, பரீட்சையும் உண்டு. தாயிடம் அனுமதி கேட்டு, பெண் ஸ்டாஃப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பரிசோதிக்க வேண்டும், மறுத்தால் முகம் சுளிக்காமல் விலக வேண்டும். சொந்தக்காரர்கள் "பொம்பளைப் படிப்பு" என்பார்கள், சம்பளம் வரும் வரைக்கும்தான் அந்தப் பேச்சு. ஒரு எச்சரிக்கை: எய்ம்ஸ் நர்சிங் ஆபீசர் தேர்வில் 80 சதவீத இடம் பெண்களுக்கு, 20 சதவீதம் ஆண்களுக்கு என்ற பிரிவு இருந்துவந்திருக்கிறது, இப்போது எப்படி என்று அந்தந்த அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிராக்டிகல் பரீட்சையில் எக்ஸ்டர்னல் (வெளிக் கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர்) வந்தாலே நடுங்குகிறது.

அவர்களும் பஸ் பிடித்து வந்து, மதியச் சாப்பாட்டுக்குள் இத்தனை பேரை முடிக்க வேண்டுமே என்று உட்கார்ந்திருப்பவர்கள். நீங்கள் நோயாளியிடம் போனதும் கை கழுவுகிறீர்களா, பெயர் சொல்லிப் பேசுகிறீர்களா, ஸ்கிரீன் போடுகிறீர்களா, செய்யப்போவதைச் சொல்கிறீர்களா, இந்த நான்கிலேயே பாதி முடிவு செய்துவிடுவார்கள். பி.பி. பார்க்கும்போது கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், கஃப் கைக்குப் பொருந்தின அளவாக இருக்க வேண்டும், அப்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கேட்காத எண்ணைக் கேட்டதாகச் சொல்லாதீர்கள், அவர் உடனே தானே ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பார்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) தெரியாததை "தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டால் தெரிந்த பக்கம் கேள்வி நகரும். சுற்றி வளைத்தால் அதே கேள்வியில் ஐந்து நிமிடம் வறுபடுவீர்கள். 'முதலில் என்ன செய்வாய்?' என்று கேட்டால் மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையை விட்டு நகராதீர்கள். டாக்டரைக் கூப்பிடுவேன் என்பது சரியான பதில்தான், ஆனால் அவர் வருவதற்குள் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி.

அரியர் விழுந்துவிட்டது. அட்டெண்டன்ஸும் குறைகிறது. முடிந்ததா?

முடியவில்லை. தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும், ஒன்றின் மார்க் மற்றதைக் காப்பாற்றாது. மொத்தப் படிப்பையும் முடிக்க அதிகபட்சம் 8 வருடம். ஆனால் அரியரை இழுத்துக்கொண்டே கடைசிவரை போக முடியாது, சில செமஸ்டர் தேர்வுகளுக்கு முன் பழையதை முடித்தாக வேண்டும், உங்களுக்கு எந்த இடத்தில் தடை விழும் என்று அலுவலகத்தில் இன்றே கேளுங்கள். விடைத்தாளில் எங்கே போனது என்று ஆசிரியரிடம் உட்கார்ந்து பேசுங்கள். தெரிந்தும் நேரம் போதாமல் போனவருக்கும் தெரியாமல் போனவருக்கும் மருந்து வேறு.

ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு. கிளினிக்கல் மட்டும் டிகிரி வாங்கும் முன் 100 சதவீதம் முடித்தாக வேண்டும், சின்னம்மை வந்து படுத்திருந்தாலும் அந்த நாட்களைப் பிறகு லீவில் வந்து ஈடுகட்ட வேண்டும். ஹாஸ்டலில் ஒருத்திக்கு அம்மை வந்தால் வரிசையாக வரும், எனவே ஊருக்குப் போகும் ஆசையில் முதல் மாதமே லீவைக் கரைக்காதீர்கள்.

நான் பார்த்துக்கொண்ட நோயாளி இறந்துவிட்டார். வகுப்பில் உட்கார முடியவில்லை.

அப்படித்தான் இருக்கும். காலையில் கஞ்சி ஊட்டினவர் மாலையில் இல்லை என்றால் யாருக்கும் ஆடும். அன்று யாரிடமாவது பேசுங்கள், அந்த வார்டு சிஸ்டரே நல்ல ஆள், அவர் இதை எத்தனையோ முறை கடந்திருப்பார். "நான் இன்னும் சீக்கிரம் சொல்லியிருந்தால்" என்ற எண்ணம் வந்தால் கேஸ் ஷீட்டை எடுத்து டியூட்டரோடு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் உங்களால் மாற்றியிருக்கக்கூடியது எதுவும் இருக்காது, ஏதாவது இருந்தால் அடுத்தவருக்கு உதவும்.

தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் இழுத்தால் அது சோம்பல் கிடையாது. உங்கள் மனநலப் பாடத்தில் டிப்ரஷனுக்கு எழுதியிருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம். செத்துப்போகலாம் போல எண்ணம் வந்தால் வாரக்கணக்கெல்லாம் பார்க்காமல் இன்றே அழையுங்கள், அறைத்தோழியிடமும் சொல்லி வையுங்கள்.

வீட்டில் பண நெருக்கடி. பகுதிநேர வேலை பார்க்கலாமா?

கல்லூரி நாட்களில் முடியாது, முயன்றவர்கள் அட்டெண்டன்ஸில் மாட்டினார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், பையன்களுக்கு அதே போலத் தமிழ்ப் புதல்வன். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைகளுக்கு வருமானச் சான்றிதழை ஜூனிலேயே எடுத்துவையுங்கள், கடைசித் தேதியில் இ-சேவை மையத்தில் சர்வர் ஓடாது.

கடைசி செமஸ்டர் இன்டர்ன்ஷிப் எப்படி இருக்கும்?

22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம், நைட் டியூட்டியும் சேர்த்து. அங்கே நீங்கள் பாதி ஸ்டாஃப். ஹேண்ட் ஓவர் கொடுப்பதை அங்கேதான் கற்க வேண்டும்: யார், எதற்காக வந்தார், இப்போது எப்படி இருக்கிறார், என்ன பாக்கி. ஆளில்லாத வார்டில் உங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனால், "எனக்கு இன்னும் ரெஜிஸ்ட்ரேஷன் இல்லை, ஒரு ஸ்டாஃப் வேண்டும்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

வேலைக்கும் வெளிநாட்டுக்கும் எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

தனியாக எதுவும் மூன்றாம் வருடம் வரை வேண்டாம். நான்காம் வருடம் தொடங்கும்போது ஒரு பாதையைத் தேர்ந்தெடுங்கள். தமிழ்நாடு அரசு என்றால் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) அறிவிப்பு, எய்ம்ஸ் என்றால் 2020-இல் தொடங்கிய நார்செட் தேர்வு, அதில் தப்பான பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும், குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது. எதுவானாலும் படிப்பு முடிந்ததும் தமிழ்நாடு குழுமத்தில் பதிவு செய்வதுதான் முதல் வேலை.

பிரிட்டன் என்றால் ஓ.இ.டி.யில் (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் பி, எழுத்தில் சி பிளஸ் கேட்கிறார்கள். ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியில் பி-2 நிலை வரை போக ஒரு வருடமாவது ஆகும். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் என்ற நர்சிங் உரிமத் தேர்வு. ஒரே நேரத்தில் மூன்று கோச்சிங்கில் பணம் கட்டி எதையும் முடிக்காதவர்கள் ஏராளம். வளைகுடாவுக்கு ஏஜென்ட் லட்சங்களில் கேட்டால், சென்னையில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

நல்ல ஷூ. மற்ற எதிலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது, அரை சைஸ் பெரிதாக, மாலை நேரத்தில் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் வீங்கியிருக்கும். செகண்ட் முள் இருக்கிற சாதா வாட்ச், சட்டைப்பை நோட்டு, இரண்டு நீலப் பேனா (ஒன்றை டாக்டர் யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்). ஸ்டெதஸ்கோப் விலை உயர்ந்தது இப்போது வேண்டாம், சாதாரணமானதிலேயே பி.பி. நன்றாகக் கேட்கும். அதில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள்.